கியர்பாக்ஸைப் பிரிப்பதா, மாற்றுவதா?

கார் பழுதானால் என்ன செய்வோம்? மெக்கானிக்கிடம் விடுவோம், அவர் சொல்கிற தொகையைக் கேட்டுக் கொஞ்சம் அதிர்வோம், பேரம் பேசுவோம், கொடுத்துவிட்டு வருவோம். அவ்வளவுதான். ஆனால் சில பழுதுகள் அப்படி முடிவதில்லை. பழுதைச் சரிசெய்ய ஆகும் செலவு காரின் விலையில் பாதியைத் தொடும்போது கேள்வியே மாறிவிடுகிறது. இந்தக் காரை வைத்துக்கொள்வதா, விடுவதா?

வாலாஜாபாத்தில் ஒரு காப்பீட்டு முகவருக்கு அந்தக் கேள்வி 2025 அக்டோபரில் வந்தது. அவருடைய கதைதான் இது. கொஞ்சம் கணக்கும் வரும். பயப்பட வேண்டாம், கூட்டல் கழித்தல்தான்.

முதலில் அவரைப் பற்றி. வயது 51. இரண்டு வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. அவர் பிறந்த காலத்தில் சொட்டு மருந்து கிராமங்களை எட்டவில்லை. பல்ஸ் போலியோ முகாம்கள் நாடு முழுக்கத் தொடங்கியதே 1995-ல்தான். இந்தியாவின் கடைசி போலியோ நோயாளி கண்டறியப்பட்டது 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது. இன்றைய குழந்தைகளுக்கு அந்த நோயின் பெயர்கூடத் தெரியாது. அவருடைய தலைமுறைக்கு அது தினமும் காலையில் மாட்டுகிற காலிப்பர்.

இருபது வயதில் அவர் எங்கே போனாலும் அண்ணனின் சைக்கிள் கேரியரில்தான். பிறகு பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்னச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர். அதில்தான் பாலிசி பிடிக்க ஆரம்பித்தார். மழையில் நனைந்து, லாரிக்காரர்களின் திட்டு வாங்கி, உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களை ஒவ்வொன்றாகப் பழகினார். 2012-ல் வங்கிக் கடன் போட்டு ஒரு சின்ன பெட்ரோல் கார் வாங்கினார். நான்கு கியர், ஆட்டோமேட்டிக். இடது காலுக்கு வேலையே இல்லாத கார். பிரேக், ஆக்ஸிலேட்டர் இரண்டும் வலது காலுக்கு. கடன் முடிந்து எட்டு வருடம் ஆகிறது.

"கார் வாங்கினப்பதான் எனக்கு ரெண்டு கால் இருக்குன்னு நம்பினேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். கேட்பவர்களுக்குத்தான் சிரிப்பு வராது.

பாலத்தின் மேல் ஒரு நிமிடம்

பழையசீவரத்திலிருந்து திருமுக்கூடலுக்குப் பாலாற்றின் மேல் ஒரு பாலம் உண்டு. பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற இடம். அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையைப் பற்றிச் சொல்கிறது. கிட்டத்தட்ட ஆயிரம் வருடத்துக்கு முன்பே நோயாளிகளைப் பற்றி யோசித்த ஊர். அது வேறு கதை, விட்டுவிடுவோம்.

இரவு எட்டு மணிக்குத் திரும்பி வரும்போது அந்தப் பாலத்தில்தான் கார் முதல்முறை கைவிட்டது. இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாற வேண்டிய நேரம். இன்ஜின் மட்டும் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. பின்னால் ஜல்லி லாரி ஹாரன் அடிக்கிறது. ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு மறுபடி மெதுவாக மிதித்ததும் ஒரு உதறலோடு கியர் பிடித்தது. எல்லாம் பத்து வினாடிதான். ஆனால் அந்தப் பத்து வினாடியில் அவர் நினைத்தது ஒன்றே ஒன்று. வண்டி நின்றுவிட்டால் இறங்கித் தள்ள முடியாது. பாலத்தின் இருட்டில் நடந்து ஓரமாகப் போகவும் முடியாது.

மற்றவர்களுக்கு அது ஒரு பிரேக்டவுன். அவருக்கு அது வேறு.

அதற்குப் பிறகு கவனித்துப் பார்த்தால் இன்னும் சில அறிகுறிகள் தெரிந்தன. காலையில் ரிவர்ஸ் போட்டால் இரண்டு மூன்று வினாடி கழித்துத்தான் பிடிக்கும். இன்ஜின் சூடானால் வழுக்கல் அதிகமாகும். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் காபி டிகாஷன் போல இருந்தது, கருகிய வாடையோடு.

உள்ளே என்ன இருக்கிறது?

சாதாரண கியர் வண்டியில் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைப்பது கிளட்ச். அதை இடது கால் மிதித்துப் பிரிக்கிறது. ஆட்டோமேட்டிக்கில் அந்த இடத்தில் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓட விட்டால், அது தள்ளும் காற்றில் மற்றதும் சுற்றும் அல்லவா? அதே தத்துவம்தான். காற்றுக்குப் பதில் ஆயில்.

அதற்குப் பின்னால் கோள் பல்சக்கரங்கள். நடுவில் சூரியன் போல ஒரு சக்கரம், சுற்றிலும் கோள்கள் போலச் சின்னச் சக்கரங்கள், வெளியே ஒரு வளையம். இதில் எதைப் பிடித்து நிறுத்துகிறோம், எதைச் சுற்ற விடுகிறோம் என்பதைப் பொறுத்து வேகம் மாறும். பிடிக்கிற வேலையைச் செய்பவை அடுக்கடுக்கான மெல்லிய கிளட்ச் பிளேட்டுகள். அவற்றை அழுத்துவது ஆயிலின் அழுத்தம். எந்தக் கிளட்ச்சுக்கு எப்போது ஆயில் போக வேண்டும் என்று தீர்மானிப்பது வால்வு பாடியும் அதிலுள்ள சொலினாய்டுகளும்.

ஆக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் எல்லாமே ஆயில்தான். சக்தியைக் கடத்துவதும் அது, கியரை மாற்றுவதும் அது, சூட்டைக் கடத்துவதும் அது. ஆயில் கெட்டால் அழுத்தம் குறையும், பிளேட் வழுக்கும். வழுக்கினால் சூடு ஏறும், சூடு ஏறினால் ஆயில் இன்னும் கெடும். கந்துவட்டி மாதிரி ஒரு சுழல்.

இந்த வகைக் கியர்பாக்ஸை முதலில் பெரிய அளவில் விற்றது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ். 1940-ம் வருட மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஹைட்ராமேட்டிக் என்ற பெயரில் வந்தது. இரண்டாம் உலகப் போரில் கை கால் இழந்து திரும்பிய வீரர்கள் ஓட்டுவதற்காக இந்தக் கார்களில் தனிக் கருவிகள் பொருத்தித் தரும் திட்டமும் அந்த நிறுவனத்துக்கு இருந்தது. நம் ஊரில் ஆட்டோமேட்டிக் என்றால் பலருக்கு டிராஃபிக்கில் சொகுசு. ஆனால் அது பிறந்த சில வருடங்களிலேயே கால் இழந்தவர்களுக்குக் காலாகிவிட்டது.

ஐந்து வழிகள்

அவர் காஞ்சிபுரத்தில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினார். சின்ன வயசுப் பையன், ஆனால் ஆட்டோமேட்டிக் வேலை மட்டுமே பார்ப்பவர். ஸ்கேனர் போட்டார், ஓட்டிப் பார்த்தார், அழுத்தம் அளந்தார்.

"சார், ஆயில் மாத்தினா சரியாயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. உள்ள பிளேட் போயிருக்கு. ஆனா எந்த அளவுக்குன்னு பிரிச்சாத்தான் தெரியும்."

பிறகு வழிகளை ஒவ்வொன்றாகச் சொன்னார்.

ஒன்று, ஆயில், ஃபில்டர், சொலினாய்டு மட்டும் மாற்றுவது. 18,000 ரூபாய். பலன் சந்தேகம்.

இரண்டு, சென்னை புதுப்பேட்டையில் விபத்தான வண்டியிலிருந்து எடுத்த பழைய கியர்பாக்ஸை வாங்கி மாட்டுவது. எல்லாம் சேர்த்து 48,000. அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது கழற்றியவருக்குக்கூடத் தெரியாது. மாட்டி ஓட்டிப் பார்க்க ஒரு வாரம் டைம், அதற்குமேல் கேரண்டி கிடையாது.

மூன்று, இருக்கிற கியர்பாக்ஸையே இறக்கிப் பிரித்து, எல்லா கிளட்ச் பிளேட், சீல், புஷ், ஃபில்டர் மாற்றி, டார்க் கன்வெர்ட்டரையும் சரிசெய்து ஏற்றுவது. 92,000. ஆறு மாதம் கேரண்டி. பன்னிரண்டு நாள் ஆகும்.

நான்கு, கம்பெனியிலிருந்து புது கியர்பாக்ஸ். கூலியோடு 1,85,000. ஒரு வருட வாரண்டி. ஆர்டர் போட்டு வர எட்டு வாரம்.

ஐந்தாவது வழியை மெக்கானிக் சொல்லவில்லை. மகன் சொன்னான். ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவன். "விடுங்கப்பா. வித்துட்டு புதுசு வாங்கிடலாம். இ.எம்.ஐ. நான் கட்டுறேன்."

நல்ல பையன்தான். ஆனால் அப்பா பதில் சொல்லவில்லை. அன்று இரவு மனைவி கேட்டார்: "ஏங்க, அவன்தான் கட்டுறேன்னு சொல்றானே, அப்புறம் என்ன?"

"அவனுக்கு அடுத்த வருஷம் கல்யாணம் பண்ணணும். என் காலுக்கு அவன் தவணை கட்டணுமா?"

கணக்கு பார்ப்போம்

இந்த மாதிரி நேரத்தில் பெரும்பாலோர் செய்யும் தப்பு ஒன்று உண்டு. போன வருடம்தான் நாலு டயர் மாற்றினேன், பேட்டரி மாற்றினேன், இப்போது விற்றால் அதெல்லாம் வீண் என்பார்கள். வணிகவியல் பாடத்தில் இதற்கு மூழ்கிய செலவு என்று பெயர். போனது போனதுதான். வைத்துக்கொண்டாலும் திரும்பி வராது, விற்றாலும் வராது. இனிமேல் என்ன ஆகும் என்பதை மட்டும்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு தப்பும் உண்டு. ரிப்பேர் 92,000, காரின் விலையோ இன்றைக்கு 80,000தான். காரை விட ரிப்பேர் அதிகம், அதனால் விற்றுவிடு என்பது. கேட்க சரி போலத் தோன்றும். ஆனால் ஒப்பிட வேண்டியது காரின் விலையோடு அல்ல. அதற்கு மாற்றாக வாங்கப்போகும் காரின் செலவோடு.

நான்கு வருடத்துக்குக் கணக்கு போடுவோம். இப்போதுள்ள நிலையில் காரை விற்றால் 80,000 கிடைக்கும். விற்காமல் விட்டால் அந்தத் தொகையும் ஒரு செலவுதான். ரிப்பேர் 92,000-ஐயும் சேர்த்தால் 1,72,000. நாலு வருடம் ஓட்டிவிட்டு 90,000-க்கு விற்கலாம் என்று வைத்துக்கொண்டால் நிகரச் செலவு 82,000. மாதத்துக்கு ஏறக்குறைய 1,700 ரூபாய்.

கம்பெனி கியர்பாக்ஸ் என்றால் 1,85,000 உடன் 80,000. நாலு வருடம் கழித்து ஒரு லட்சத்துக்கு விற்றால் நிகரச் செலவு 1,65,000. மாதத்துக்கு 3,450 ரூபாய் அளவில்.

இப்போது புதுக் கார். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு முன்பு உடல் இயக்கக் குறைபாடு உள்ளவர்கள் சான்றிதழ் வாங்கி விண்ணப்பித்தால்தான் அந்த 18 சதவீதம் கிடைக்கும். இப்போது எல்லோருக்கும் அதே விகிதம். அவருக்குக் கிளட்ச் இல்லாத கார்தான் வேண்டும். நல்லவேளை, 2014-ல் மாருதி செலேரியோவில் ஏ.எம்.டி. வந்த பிறகு அது எட்டாத விஷயமில்லை. ஏ.எம்.டி. என்பது சாதாரண கியர்பாக்ஸ்தான், கிளட்ச்சை மிதிக்கும் வேலையையும் கியர் மாற்றும் வேலையையும் ஒரு இயந்திரக் கை செய்கிறது.

அவர் விசாரித்த கார் ஆன் ரோடு 7,20,000. நாலு வருடம் கழித்து 4,20,000-க்குப் போகும் என்று வைத்தால் மதிப்பு இழப்பு மட்டும் 3 லட்சம், மாதம் 6,250. ஐந்து லட்சம் கடன், 9 சதவீதம், ஐந்து வருடம் என்றால் தவணை 10,379. நாலு வருடத்தில் கட்டும் வட்டி மட்டும் சுமார் 1,17,000, மாதம் 2,400-க்கு மேல். இரண்டும் சேர்த்து மாதம் 8,700 பக்கம் வருகிறது. இன்சூரன்ஸ் வித்தியாசம் தனி. பழைய காருக்கு அவ்வப்போது வரும் வேறு ரிப்பேர்களும் தனிதான், அதையும் மறைக்கக்கூடாது. மாதம் 2,000 அதற்கென்று ஒதுக்கினாலும் தூரம் நிறைய இருக்கிறது.

பிரித்து வேலை பார்த்த கியர்பாக்ஸ் இரண்டே வருடத்தில் மறுபடி போய்விட்டால்? இன்னொரு 92,000 முழுசாகக் கொடுத்தாலும் மாதக் கணக்கு 3,600 அளவில்தான் வரும். அப்போதும் புதுக் காரைவிடக் குறைவு.

இன்னும் ஒரு விஷயம் பாக்கி. சொந்தக் காரின் பதிவு 15 வருடத்துக்குத்தான். அவருடையது 2027-ல் முடியும். அதன் பிறகு தகுதிச் சோதனை செய்து ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. பாடி துரு பிடித்திருந்தால் கியர்பாக்ஸில் பணம் போடுவதில் அர்த்தமில்லை. அவருடைய காரில் துரு இல்லை. ஓடியதும் 13 வருடத்தில் 96,000 கிலோமீட்டர்தான்.

மில்லும் மிஷினும்

ரிப்பேரா, மாற்றமா என்ற இந்தக் கேள்வி கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் வந்ததல்ல. தமிழ்நாட்டின் நூற்பாலைகள் இதற்காக உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. காரணம் வருமான வரி. நடப்புப் பழுதுபார்ப்பு என்றால் முழுத் தொகையையும் அந்த வருடச் செலவாகக் கழிக்கலாம். புதுச் சொத்து என்றால் தேய்மானம் மட்டும்தான், வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக.

1967-ல் முடிந்த மகாலட்சுமி டெக்ஸ்டைல் மில்ஸ் வழக்கில், நூற்பு இயந்திரங்களில் காசபிளாங்கா முறைக்கு மாற்றிய செலவை நடப்புப் பழுதுபார்ப்பு என்று நீதிமன்றம் ஏற்றது. இயந்திரம் அதேதான், சில பாகங்கள்தான் மாறின. 2007-ல் சரவணா ஸ்பின்னிங் மில்ஸ் வழக்கில் பழைய ரிங் ஃப்ரேமை எடுத்துவிட்டுப் புதிய ரிங் ஃப்ரேம் வைத்ததை ஏற்கவில்லை. ரிங் ஃப்ரேம் தனி இயந்திரம், அதை மாற்றுவது புதுச் சொத்து வாங்குவது என்றது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நல்ல கேள்வி கிடைக்கிறது. சொத்து எது, பாகம் எது? கியர்பாக்ஸ் தனியாக ஓடாது. அது காரின் பாகம். அப்படிப் பார்த்தால் பிரித்து வேலை பார்த்தாலும் சரி, புது கியர்பாக்ஸ் மாட்டினாலும் சரி, நோக்கம் இருக்கிற காரைக் காப்பாற்றுவதுதான். காரையே மாற்றுவதுதான் வேறு ரகம்.

இதில் ஒரு வேடிக்கை. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்று 2025 பட்ஜெட்டில் வந்துவிட்டதால், நம் முகவருக்கு எந்த வழியிலும் வரி மிச்சமாகப் போவதில்லை. வக்கீல்கள் நாற்பது வருடம் வாதாடிய வித்தியாசம் அவர் பாக்கெட்டில் ஒரு ரூபாயைக்கூடக் கூட்டாது! ஆனால் கேள்வி உதவியது. காப்பாற்ற வேண்டியது எது என்று கேட்டுக்கொண்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

யாருடைய தப்பு?

பிரிப்பதற்கு முன் மெக்கானிக்கிடம் அவர் கேட்ட கேள்வி முக்கியமானது. "தம்பி, இது ஏன் போச்சு? காரணம் தெரியாம சரி பண்ணினா மறுபடியும் போகும்ல?"

சில கியர்பாக்ஸ்கள் வடிவமைப்பிலேயே பலவீனமானவை. ஃபோர்டின் பவர்ஷிஃப்ட் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் உலகம் முழுக்கப் புகார்களைச் சம்பாதித்தது. அந்தக் கார் வாங்கியவர்களின் புகார்களைக் கையாண்ட விதத்துக்காக 2018-ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் அந்நாட்டு ஃபோர்டு நிறுவனத்துக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. நிஸான் அமெரிக்காவில் 2003 முதல் 2010 வரையிலான மாடல்களின் சி.வி.டி. கியர்பாக்ஸ்களுக்கு வாரண்டியைப் பத்து வருடமாக நீட்ட வேண்டி வந்தது. இந்த மாதிரி வண்டிகளில் பிரித்து அதே பாகங்களைப் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான். புதுப்பிக்கப்பட்ட வடிவமைப்பு இருந்தால் மாற்றலாம், இல்லாவிட்டால் விற்கலாம்.

அவருடைய கார் அந்த ரகம் இல்லை. பழைய பாணி நான்கு கியர், முரட்டு உழைப்பாளி. மெக்கானிக் சொன்ன காரணம் எளிமையானது. "பதிமூணு வருஷத்துல ஒரு தடவைகூட இந்த ஆயிலை முழுசா மாத்தலை சார். நடுவுல யாரோ சாதா கியர் ஆயிலை டாப் அப் பண்ணியிருக்காங்க."

அவருக்கு ஞாபகம் வந்தது. மூன்று வருடம் முன்பு அவசரத்துக்கு வழியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தியது. இன்ஜின் ஆயிலைத் தவறாமல் மாற்றியவர், கியர்பாக்ஸுக்கும் ஆயில் உண்டு என்று நினைத்ததே இல்லை. யாரும் சொல்லவும் இல்லை.

முடிவு

புதுப்பேட்டை கியர்பாக்ஸை அவர் முதலிலேயே ஒதுக்கினார். 44,000 மிச்சம்தான். ஆனால் தெரியாத ஒரு வண்டியின் சரித்திரத்தை நம்பி இரவில் அந்தப் பாலத்தின் மேல் போக அவரால் முடியாது. வேறு ஒருவருக்கு அது நல்ல வியாபாரமாக இருக்கலாம். நடுவழியில் நின்றால் இறங்கி ஆட்டோ பிடிக்கிறவருக்கு ஆகும் செலவும் அவருக்கு ஆகும் செலவும் ஒன்றல்ல. இந்தச் செலவுக்கு எந்தப் பேரேட்டிலும் பக்கம் கிடையாது.

கம்பெனி கியர்பாக்ஸில் மனம் போனது உண்மை. ஆனால் எட்டு வாரம். ஜனவரி முதல் மார்ச் வரைதான் முகவர்களுக்கு அறுவடைக் காலம். டிசம்பரில் ஆர்டர் போட்டால் பிப்ரவரி போய்விடும்.

ஆகவே ஒரு நிபந்தனையோடு மூன்றாவது வழி. "பிரிச்சதும் என்னைக் கூப்பிடு. நான் பார்த்த பிறகுதான் பாகம் வாங்கணும். பல்சக்கரமோ, டிரம்மோ, கேஸோ போயிருந்தா அப்படியே மூடிடு. பிரிச்ச கூலி கொடுத்துடறேன்."

மெக்கானிக் ஒத்துக்கொண்டார். இது எல்லோரும் கேட்கத் தகுந்த நிபந்தனை. பிளேட், சீல், புஷ் எல்லாம் தேய்வதற்கென்றே செய்த பாகங்கள், மாற்றலாம். பல்சக்கரமும் டிரம்மும் கெட்டிருந்தால் 92,000 என்பது ஒன்றரை லட்சமாக ஏறும். அந்த நிலையில் பிரிப்பதைவிட மாற்றுவதே மேல்.

நாலாவது நாள் போன் வந்தது. மகன் பைக்கில் காஞ்சிபுரம் கூட்டிப் போனான். ஒரு தகர மேஜை மேல் கியர்பாக்ஸ் கிடந்தது, வரிசை வரிசையாக. மூன்றாவது கியரைப் பிடிக்கும் பிளேட்டுகள் அடுப்பில் வைத்தது போலக் கறுத்திருந்தன. ரப்பர் சீல்கள் கல்லாகிவிட்டிருந்தன, அதனால்தான் ரிவர்ஸ் தாமதம். ஆயில் தொட்டியின் காந்தத்தில் சாம்பல் நிறச் சேறு, ஆனால் உலோகச் சில்லுகள் இல்லை. பல்சக்கரங்களை மெக்கானிக் ஒவ்வொன்றாகத் துடைத்துக் காட்டினார். பளபளவென்று இருந்தன.

"பண்ணலாம் சார்."

"பண்ணு. ஆயில் கூலரையும் கழுவு. அதுல கருப்பு மிச்சம் இருந்தா புது பிளேட்டும் வீணா போயிடும்." வீட்டில் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார் போலும். மெக்கானிக் சிரித்துவிட்டார்.

பன்னிரண்டு நாள் என்றது பதினைந்தானது. அந்தப் பதினைந்து நாளும் மகன் ஷிஃப்ட் முடிந்து வந்து அப்பாவை ஏற்றிக்கொண்டு போனான். நைட் ஷிஃப்ட் முடித்த கண்களோடு. பைக்கின் பின்னால் காலிப்பர் காலை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கு அண்ணனின் சைக்கிள் கேரியர் ஞாபகம் வந்திருக்க வேண்டும். மூன்றாவது நாளிலிருந்து தூரத்து ஊர்களுக்குப் போவதை அவரே நிறுத்திக்கொண்டார். "பரவாயில்லப்பா, நீ தூங்கு" என்றார். இரண்டு பாலிசி கைவிட்டுப் போனது. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் கடைசியில் கார் வந்தது. பில் 96,500. கூலர் கழுவியதும் கூடுதல் ஆயிலும் சேர்ந்ததால். ஆறு மாதம் அல்லது 10,000 கிலோமீட்டர் கேரண்டி என்று வாய் வார்த்தையாக இல்லாமல் பில்லிலேயே எழுதி வாங்கினார். முதல் நாள் மெக்கானிக்கை இடது பக்கம் உட்காரவைத்து காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் வரை ஓட்டினார். இரண்டிலிருந்து மூன்று எப்போது மாறியது என்றே தெரியவில்லை.

பொங்கலுக்கு முந்தின வாரம் அவர் தனியாக உத்திரமேரூர் பக்கம் போனார். திரும்பும்போது வேண்டுமென்றே இருட்டிய பிறகு கிளம்பினார். திருமுக்கூடல் பாலத்தில் பின்னால் வழக்கம் போல ஒரு லாரி ஹாரன் அடித்தது. அடிக்கட்டும் என்று அவர் பாட்டுக்கு வந்தார்.

புதுக் காருக்கு ஒதுக்கியிருக்க வேண்டிய பணத்தில் ஒரு பங்கை, மாதம் 3,000 ரூபாய், இப்போது தனிக் கணக்கில் போட்டு வருகிறார். இந்தக் கார் ஒரு நாள் நிஜமாகவே முடிந்து போகும். அன்று யாருடைய தவணையையும் கேட்காமல் அடுத்த கார் வர வேண்டும் என்பதற்காக. ரிப்பேர் செய்வது என்று முடிவெடுப்பவர்கள் பலரும் மறந்துவிடுகிற பாகம் இதுதான். ரிப்பேர் மாற்றத்தைத் தள்ளித்தான் போடுகிறது, ரத்து செய்வதில்லை. தள்ளிப்போட்ட காலத்தில் சேர்த்து வைத்தால்தான் அது லாபம்.

காரின் டேஷ்போர்டு பெட்டியில் இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. முதல் பக்கத்தில் கியர்பாக்ஸ் ஆயிலின் முழுப் பெயர், போட்ட தேதி, கிலோமீட்டர். கீழே அடுத்து மாற்ற வேண்டிய கிலோமீட்டர், சிவப்பு மையில், இரண்டு முறை அடிக்கோடிட்டு.

உங்கள் வீட்டில் ஆட்டோமேட்டிக் வண்டி இருந்தால் இன்றைக்கே ஒரு முறை அந்த ஆயிலைப் பார்த்துவிடுங்கள். சிவப்பாக இருந்தால் நல்லது. டிகாஷன் நிறத்தில் இருந்தால் ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.